மழை பெய்தால் அம்மா வரும்

புரட்டாசி 18, வியாழன்

கோணல்மாணலாகத்தான் வருகிறது. நோட்டே, பொறுத்துக்கொள். மண்வெட்டி பிடித்த கை, பென்சிலை ஒடித்துவிடுகிறது. "தெனமும் நாலு வரி எழுதுங்க தாத்தா" என்றது பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் பிள்ளை. நாலு வரி தாண்டிவிட்டேன்! சந்தோஷம்.

வெயில். வானம் வெளுத்துக் கிடக்கிறது. விதைக்க வைத்த கொத்தமல்லி மூட்டை கட்டியது கட்டியபடி.

பேத்தி பேச்சி, மூன்றாம் வகுப்பு. அருப்புக்கோட்டையிலிருந்து வரும் நாலு மணி பஸ் போகும்வரை ரோட்டையே பார்க்கிறாள். அவள் அம்மா லட்சுமி, என் மருமகள், ஆடியில் மஞ்சள்காமாலையில் செத்துப்போனாள். தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்தில் வேலை பார்த்த ஊரிலேயே அடக்கம். நான் போய் மண் போட்டு வந்தேன். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேச்சி கேட்டாள், "அம்மா எப்ப வரும்?"

வருஷா வருஷம் மழை விழுந்தால் உப்பளம் நிற்கும். மகனும் மருமகளும் ஊர் திரும்புவார்கள். பழகிய வாய். "மழ பெஞ்சா வந்துரும்த்தா" என்றுவிட்டேன்.

ஊரே மழை கேட்கிறது. நான் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன்.

புரட்டாசி 20, சனி

மகன் கருப்பசாமியிடமிருந்து கார்டு. யாரிடமும் கொடுக்காமல் நானே படித்தேன்! வாழ்நாளில் முதல் தடவை. அரை மணி நேரம் ஆயிற்று.

'மழை விழுந்ததும் கிளம்பி வருவேன். அதற்குள் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது.'

படித்த சந்தோஷம் அதோடு போயிற்று. கார்டைக் கூரையில் செருகினேன். பேச்சி என்னைவிட வேகமாகப் படிப்பாள். திரும்ப எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

சொல்ல வேண்டியவை:
1. அம்மா வராது.
2. நான் சொன்னது பொய்.
3. (எழுத வரவில்லை.)

புரட்டாசி 23, செவ்வாய்

இன்று ஊரில் கொடும்பாவி இழுத்தார்கள். வைக்கோல் பொம்மைக்குப் பழஞ்சேலை சுற்றி, பிணம்போலத் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, ஊர் எல்லையில் எரித்தால் மழை வரும் என்று வழக்கம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பேச்சிதான் எல்லாரையும்விடச் சத்தம். மழை வர வேண்டுமே அவளுக்கு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டியே, எங்கள விட்டுப் போயிட்டியே!"

"ஏலே, இவ போடுற சத்தத்துக்கே வானம் பொத்துக்கிரும்டா" என்று ஒருவன் சிரித்தான்.

பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் சும்மா மாரடித்துக்கொண்டு வந்தவள், பேச்சியைப் பார்த்ததும் நிஜமாகவே உடைந்துவிட்டாள். என் பக்கம் வந்து மெதுவாக, "ஒங்க நெஞ்சென்ன கல்லா மாமா? பெத்தவளுக்குத்தான் அழுகுறோம்னு அந்தப் பிள்ளைக்கே தெரியல."

வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

வரும் வழியில் பேச்சி: "சுப்புத்தாய் சித்தி எதுக்கு நெசமா அழுதுச்சு? பல்லு வலியா?"

'ஆமா' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

புரட்டாசி 25, வியாழன்

கொண்டல் காற்று. கிழக்கே கருப்பு. ஈசல்.

சொல்லிவிட்டேன். காலையில், ஆட்டுக்குக் குழை ஒடிக்கும்போது. சாமிகிட்டப் போயிருக்கு, தூங்குது என்றெல்லாம் வாய்க்கு வந்தது. அப்புறம் சாமிக்கும் தூக்கத்துக்கும் பயப்படுவாள். நிறுத்திக்கொண்டேன்.

"அம்மா செத்துப்போச்சுத்தா. ஆடியிலயே. காமாலை வந்து. இனிமே வராது."

அவள் அழவில்லை. குழையைக் கீழே வைத்தாள்.

"நான் கொடும்பாவி இழுத்ததுனாலயா?"

இது என் புத்தியில் தோன்றவேயில்லை. "இல்லத்தா, இல்ல. அதுக்கு ரெண்டு மாசம் முந்தியே."

"மழ பெஞ்சா வரும்னு சொன்ன?"

"பயத்துல சொன்னேன். பொய்."

"பெரிய ஆளுக பயப்படுவாகளா?"

"ரொம்ப."

அப்புறம் என்னோடு வாய் திறக்கவில்லை. கஞ்சி தொடவில்லை. சாயங்காலம் சுப்புத்தாய் மடியில் கிடந்து அழுதாள். தெருவில் அழுதது மாதிரி இல்லை. சத்தமே இல்லை. இது எங்கே போய் முடியுமோ.

புரட்டாசி 27, சனி

நேற்றெல்லாம் மழை. ஓடையில் தண்ணீர். ஊரே ஏர் தேடி ஓடுகிறது. மல்லி விதைக்க வேண்டும். கை ஓடவில்லை.

நாலு மணி பஸ். சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு பேச்சி எனக்கு முன்னால் போய் நின்றாள். கருப்பசாமி இறங்கினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் படியைப் பார்த்தாள், பஸ் கிளம்பும்வரை. பிறகு அவன் பையைப் பிடித்தாள். "தாத்தா சொல்லிருச்சுப்பா." அவன் ஈர ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும், இரண்டு நாளாகப் பேசாதவள் என்னிடம் பேசினாள்: "அம்மாவ எங்க வச்சீக? அடையாளத்துக்குக் கல்லு வச்சீகளா?"

வைக்கவில்லை. வேலிமுள் வெட்டிப் போட்டோம், அவ்வளவுதான். உப்பு மண். பக்கத்தில் அதேபோல் எத்தனையோ மேடு. இந்த மழைக்குக் கரைந்திருக்கும். கருப்பசாமியைப் பார்த்தேன். "அன்னைக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகலப்பா" என்று தலையைக் குனிந்தான்.

'வச்சிருக்குத்தா' என்றால் முடிந்தது.

"கல்லு வைக்கலத்தா. தேடித்தான் பாக்கணும்."

"தேடுவோம். நானும் வாரேன்."

செவ்வாய்க்கிழமை முதல் பஸ். இடம் தெரியாவிட்டால் பிள்ளை முகத்தை எப்படிப் பார்ப்பது? கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த வாரம் வந்து உள்ளதை இதில் எழுதிவிடுவேன்.