ரேடியோப் பெட்டிமேல் அம்மாவின் கை

சிங்காநல்லூர்
28.12.1963

சிரஞ்சீவி பாலகோபாலுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். காரமடை ரங்கநாதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலமே, பம்பாயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வாரம் ஒருமுறையாவது எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது கண்ணு. மில் மிஷின் இரைச்சலுக்குள் இத்தனை வருஷம் நின்றவளுக்கு வேறென்ன ஆகும், மிச்சமிருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. கோபாலு செல்லோ வாசிக்கறதை இன்னொரு தரம் கேட்டுப்போட்டாப் போதுமுங்க, அப்புறம் காது இருந்தென்ன போயென்ன என்கிறாள். இதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருக்க? நீ முதலில் பழகிய செல்லோவை, ஆளுயரப் பிடிலாட்டம் நிற்குமே அதை, பரணிலிருந்து இறக்கினேன். வயிற்றைக் கரையான் தின்றுவிட்டது, கழுத்து நன்றாக இருந்தது. அதைத் தேக்குப் பலகையில் பொருத்தி, தந்தி கட்டி, அடியில் கிராமபோன் ஊசித்தலையை வைத்து ரேடியோவுக்கு ஒயர் கொடுத்துவிட்டேன். மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா! கரண்ட் இல்லாவிட்டால் பலகை முனகக்கூட முனகாது, இருந்தால் வீடே ரீங்கரிக்கிறது. முதல் நாள் பக்கத்து வீட்டு பங்காரம்மா ஓடிவந்து, ஏனுங்க, ரேடியோவுக்குள்ள எருமை ஏதாச்சும் பூந்துக்கிச்சுங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

விடியலில் நீ ஒரு மெட்டு இழுப்பாயே, படிப்படியாக ஏறி, உச்சியில் நின்று இறங்குவது, அதை மட்டும் ஞாபகத்தில் வைத்து, நானே செய்த மூங்கில் வில்லால் தினம் பழகுகிறேன். அம்மா பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து ரேடியோப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறாள். மில்லில் அப்படித்தானாம், இரைச்சலில் காது உதவாது, கை வைத்துத்தான் எந்த மிஷின் ஒழுங்காக ஓடுகிறது, எது மக்கர் பண்ணுகிறது என்று கண்டுபிடிப்பார்களாம். ஜன்னலில் மார்கழிப் பனி, டயலில் மஞ்சள் வெளிச்சம், கண்ணை மூடிய அவள் முகம், வீடு மெல்ல மிதந்து எங்கோ போகிறாற்போல இருக்கும். அந்த மயக்கத்தில் அடுப்பில் சோறு குழைந்து போகிறது, அவளும் திட்டுவதில்லை.

நேற்று பிசகாமல் முழு மெட்டும் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை, எப்படி என்று சைகையில் கேட்டேன். நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா இது நம்ம கோபாலு கை இல்லீங்களே, அவன் உச்சியில ஒரு நடுக்கம் நடுங்கிப்போட்டுத்தான் இறங்குவான் என்றாள். எனக்கு ரோஷம் வந்தது, பிறகு அழுகை வந்துவிட்டது. நீ பழகிய நாளெல்லாம் அவள் காலை ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் இருப்பாள், உன் வாசிப்பைக் காதில் வாங்கியதாகவே நான் நினைக்கவில்லை.

பொங்கலுக்கு வந்துவிடு. ஆர்க்கெஸ்ட்ராவில் லீவு தரமாட்டார்கள் என்று போன தடவை எழுதியதையே திரும்ப எழுதாதே. செல்லோவைத் தூக்கிக்கொண்டு ரயிலில் அவதிப்பட வேண்டாம், உன் வில்லை மட்டும் எடுத்துவா, ஒயரைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். நீ தீர்க்காயுசாக, கை நோகாமல் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அம்மாவும் ஆசீர்வதிக்கிறாள். இதை எழுதும்போதுகூடப் பெட்டிமேல் கை வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் இப்போது வாசிக்கவில்லை, கடிதம்தான் எழுதுகிறேன் என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். தெரியுமுங்க என்றாள், கையை எடுக்கவில்லை.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
லட்சுமிநாராயணன்