உமணர் கணத்துக்கு இனிக் கஞ்சியே அளவை

கடல் தன் கரையில் நிற்க, மழை தன் பருவத்தில் இறங்க, வெண்கரை நாடும் அதன் உப்பளங்களும் மலைகளும் தழைக்க! ஏழ்துறைக் காவலர், பெருமன்னர் கடற்சேந்தனார் திருவுளப்படி, அவர்தம் அமைச்சர் மூலங் கொற்றனார் சொல்லச் சொல்ல, ஓலைநாயகம் எழுத்தாணி பிடித்து எழுதியது. உப்பு வணிகராகிய உமணர் கணத்தின் தலைவர், வெண்குடையும் ‘உப்புமலை எட்டி’ என்னும் பட்டமும் பெற்ற பதுமனார் காண்க. அவர் மனைக்கும் கணத்தாருக்கும் நலம் உண்டாகுக. பொதி சுமக்கும் எருதுகளுக்கும் நலம் சொல்வது வழக்கம். எருதுகள் இப்போது அங்கே இல்லையாதலால் அவ்வரி விடப்பட்டது.

காரியம் இது. எட்டியாரும் அமைச்சரும் ஓர் உப்பளத்துப் பிள்ளைகள். ஒரே பாத்தியில் வாருபலகை இழுத்தவர்கள். பாதம் வெடித்து உப்புநீர் ஏறி ஒருவர் கத்தினால் மற்றவர் சிரித்தவர்கள். மலைக்கு உப்பேற்றும் தனியுரிமையைப் பதுமனார் தம் கணத்துக்குக் கேட்டபோது, அவையிலிருந்த பெருங்குடியினர் முகம் சுளிக்க, இவன் சொன்னால் செய்வான் என்று உப்பில் கைவைத்துப் பிணை நின்றவர் கொற்றனார் ஒருவரே. அவ்வுரிமைப் பட்டயத்தின் வாசகமும் நீளமன்று. கூகைமலையின் கடைசி அடுப்புவரை உப்பு ஏற வேண்டும்; அதற்குமேல் வரும் ஊதியம் கணத்தாருக்கு.

கணம் செவ்வனே நடக்கிறதா என்று ஆண்டுதோறும் எதைக்கொண்டு அறிவது என அவை கேட்டது. பதுமனார் அளத்து வழக்கத்தை எடுத்து வைத்தார். பொழுது சாயும்போது எவன் குவித்த அம்பாரம் உயரமோ அவனே அன்று உழைத்தவன். அளத்தில் வேறு நியாயம் கிடையாது. அதுபோலவே துறைமுகத்தில் கணத்தின் அம்பாரத்து உச்சியில் ஒரு கொடி நட்டு, கொடிநாளன்று அரண்மனை மேல்மாடத்திலிருந்து அது தெரிந்தால் கணம் வாழ்கிறது என்று கொள்க என்றார். அவை தலையாட்டியது. அமைச்சரும் ஆட்டினார். உப்பு வாருகிறவனுக்குக் குவியல் உயர்வது அழகு, சுமந்து போய்க் கொடுக்கிறவனுக்கு அது கரைவதல்லவா அழகு என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொடி தெரிந்தது. அடுத்த ஆண்டு மேல்மாடம் ஏறவே தேவைப்படவில்லை, முற்றத்திலிருந்தே தெரிந்தது. மன்னர் குடை கொடுத்தார், பட்டம் கொடுத்தார். அயல்நாட்டு மரக்கலத்தார் அண்ணாந்து பார்த்து, வணிகம் என்றால் இதுவன்றோ என்றனர். அமைச்சரோ பெற்ற பிள்ளை வளர்வதைப் பார்ப்பவர் போல அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கோடையில் யானைக் குழிகளைப் பார்வையிடக் கூகைமலை ஏறியவர், களைத்துப்போய், வியர்வையில் நனைந்த மேலாடையை ஒரு வீட்டு வேலியில் போட்டுவிட்டு அங்கேயே கஞ்சி கேட்டார். வீட்டுக்காரி நொச்சி என்னும் மலைக்குறத்தி. மறுக்காமல் ஊற்றினாள். வாயில் வைத்தவர் உப்பு கேட்டார். அவள் சிரித்த சிரிப்பை ஓலையில் எழுத முடியாது, சொன்னதை எழுதலாம். “உப்பா? கீழேருந்து வர்றவரு நீரு, எங்கிட்டக் கேக்குறீரே! அந்தா பாரும், நீரு கழட்டிப் போட்ட துணியை எங்க பசு விடமாட்டேங்குது. உப்புக்காரரு வந்திருக்காருன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

அமைச்சர் திரும்பிப் பார்த்தார். பசு அவர் மேலாடையை நக்கிக்கொண்டிருந்தது.

மழை பிடித்தால் கணவாய் அடைந்துவிடும். அதற்குள் வேட்டைக் கறியை உப்புக்கண்டம் போட்டுவைத்துத்தான் கூகைமலையார் அடைமழையைக் கழிப்பர். உப்புப்பொதி வருவது நின்றுபோய், சென்ற மழைக்கு அவர்கள் உப்பில்லாமல் வெயிலில் மட்டும் உலர்த்திய கறி புழுத்தது. நொச்சியின் தம்பி அதைத் தின்று மாண்டான். “பசிச்சுச் செத்தான்னு கீழ போய்ச் சொல்லிராதேயும். நாறுன கறியைத் தின்னு செத்தான். உங்க கொடி எங்க பாறை மேலேருந்தும் தெரியுது. பாக்க நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

மலையிறங்கிய அமைச்சர் அரண்மனைக்குப் போகாமல் நேரே துறைமுகத்துக்கு வந்ததும், அம்பாரத்தின் நிழலில் நின்று எட்டியார் சொன்னதும் எட்டியாருக்கு நினைவிருக்கும். ஆயினும் அவை ஏட்டில் நிற்கும்பொருட்டு அது இங்கே பதியப்படுகிறது. “மேல போற ஒவ்வொரு பொதியும் அம்பாரத்தைக் கரைக்குது கொற்றா. கொடி இறங்கினா அரசர் என் மூஞ்சியில முழிப்பாரா? அதான் எருதுகளை வித்துட்டேன். நீங்க எதை அளந்தீங்களோ அதை நான் வளர்த்தேன். மலைக்காரன் அடுப்பை எவன்டா அளந்தான்? தருமம் பண்ணணும்னா கோயில் இருக்கு, போய்ப் பண்ணு.”

களவு என்றால் அமைச்சர் அங்கேயே தண்டித்திருப்பார். இதில் களவு இல்லை. உப்பு மெய், உயரம் மெய், கொடி மெய். பிணை நின்ற கை மட்டும் பொய்யாகிவிட்டது. அமைச்சரின் மறுமொழி இது: மலைக்கு உப்பேற்றுவது தருமம் அன்று, பதுமா, அதுதான் உன் தொழில். ஊதியம் வேண்டாமென்று எவனும் சொல்லவில்லை. மலைத்தேனும் மிளகும் அதே எருதின் முதுகில்தானே இறங்கின? நாங்கள் தப்பாக அளந்தோம் என்கிறாய், சரி. அளந்தவன் குருடன் என்றால், கஞ்சி குடித்து வளர்ந்த உனக்குமா தெரியாது உப்பு எதற்கென்று?

ஆதலால் மன்னர் ஆணை இவ்வாறு. இவ்வோலை கண்ட அன்றே கொடி இறங்க வேண்டும். விற்ற எருதுகளை மீட்டோ வேறு பிடித்தோ, மழை கணவாயை அடைக்குமுன் அம்பாரம் மலை ஏற வேண்டும். முதல் எருதின் கயிறு எட்டியார் கையில் இருக்க வேண்டும். பட்டயம் இப்போதைக்குப் பறிக்கப்படவில்லை. அது இரக்கத்தால் அன்று. அந்தக் கணவாய்களை அறிந்த வேறு கணம் நாட்டில் இல்லாமையால்.

இனித் துறைமுகத்தில் அளவை இல்லை. ஆண்டுதோறும் கொடிநாளன்று உமணர் கணத் தலைவர் எவராயினும் நொச்சியின் வீட்டில் அமர்ந்து, அவள் ஊற்றும் கஞ்சியைக் குடிக்கக் கடவர். மடியில் உப்பு முடிந்து வரலாகாது. கேட்டு வாங்கலும் ஆகாது. பக்கத்தில் அரசர் ஆள் ஒருவர் அதே பானைக் கஞ்சியைக் குடிப்பார். உப்பு இருந்தால் கணம் நடந்தது. இல்லையெனில், மிச்சம் வையாமல் குடித்துவிட்டுப் பட்டயத்தை அவள் அடுப்பில் வைத்துவிட்டு இறங்குக.

இது மன்னர் மொழி, மாற்றுவார் இலர். சுறா இலச்சினை இட்டு விடுக்கப்பட்டது.

ஓலையைச் சுற்றி வருவது அமைச்சரின் மேலாடை. அளத்தார் ஒருவருக்கொருவர் விடுக்கும் ஓலைத்துணியின் முனையில் ஒரு சிட்டிகை உப்பு முடிந்திருக்கும். இத்தனை காலமும் முடிந்தே வந்தது. எட்டியார் இம்முறை முடிச்சைத் தேட வேண்டா. அத்துணியில் இருந்த உப்பை நொச்சியின் பசு நக்கிவிட்டது.