நண்டு போட்ட நெட்

திருப்போரூர்,
2.1.2025

அன்புள்ள சுஜாதா,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் தபாலைப் பிடித்தேன். கிழித்துவிடாதே, நல்ல சேதி!

மணப்பெண் தலையில் போடும் நெட், நாலு மீட்டர்! ஓரம் முழுக்க ஊசி வேலை. மாமல்லபுரத்துப் பெண் ஜெயப்பிரியா. பிப்ரவரி ஆறாம் தேதி சர்ச்சில் கல்யாணம். பொத்தேரிக் கண்காட்சியில் நம் துணியைப் பார்த்தவளாம். "ஓரமா நண்டு ஓடுச்சே, அதே மாரி வேணும்க்கா" என்றாள்.

அந்த நண்டுகள் நீ போட்டவை. அந்தக் கண்காட்சி மேடையில் உன் பெயரைச் சொல்லாமல் பரிசை வாங்கிக்கொண்டேன். இவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அப்ப அவங்களையும் இட்டுகினு வாங்க, இல்லாங்காட்டி வேணாம்" என்று எழுந்துவிட்டாள்.

ஆர்டருக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைப்பாய். அதுவும்தான். வருவாயா?

உன்,
ஷபானா

மறைமலைநகர்,
7.1.2025

ஷபானா,

கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டிப் படித்தேன்.

அன்று நீ கூப்பிடுவாய் என்று மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றேன். "உக்காரும்மா, மறைக்குது" என்றார் பின்னால் இருந்தவர். அது உனக்குத் தெரியுமா?

இப்போது கம்பெனியில் கார் பாகங்களைச் சோதிக்கிறேன். ஊசியை விட்டாயிற்று.

நெட் துணியின் கண், அதாவது ஓட்டை, பெரிசா, சிறிசா? சும்மா கேட்டேன்.

சுஜாதா

திருப்போரூர்,
10.1.2025

சுஜி,

நீ நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கண் ரொம்பச் சிறிசு. நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். "இன்னா ஷபானா, தேள் மாரி கீது!" என்கிறார் என் வீட்டுக்காரர். பிரித்துவிட்டேன். ஒரு முழம் துணி இதனுடன் வைத்திருக்கிறேன். நீ வராவிட்டால் ஆர்டரைத் திருப்பிவிடுவேன். சத்தியம்.

ஷபானா

மறைமலைநகர்,
16.1.2025

ஷபானா,

பார்த்துக்கொண்டேதான் திருப்பினாயா! இரண்டு நாள் பொங்கலே இறங்கவில்லை எனக்கு.

நேற்று ஆத்திரத்தில் உன் துணியைத் தூக்கிப் போடப் போனேன். விரல் தானாகக் கண்களை எண்ண ஆரம்பித்துவிட்டது. ஊசியை எடுத்து ஒரு நண்டு போட்டுவிட்டேன். இரண்டு கொடுக்கு, எட்டுக் கால்! முன்னும் பின்னும் ஒரே மாதிரி, எங்கும் முடிச்சுத் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் மானசா குதிக்கிறாள்: "அம்மா, நண்டு நடந்துகினு கீதும்மா!" நானும் சேர்ந்து குதித்தேன், கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. பதினைந்து நாள் லீவு சொல்லியாயிற்று. திங்கட்கிழமை செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து உங்கள் ஊர் பஸ்ஸைப் பிடிக்கிறேன். வந்ததும் முதலில் சண்டை. வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிடு. அது முடிந்ததும் துணியைச் சட்டத்தில் கட்டலாம். நீ அந்தக் கோடியிலிருந்து வா, நான் இந்தக் கோடியிலிருந்து வருகிறேன்.

சுஜி