எதைக் குறிக்கச் சொல்கிறது

ஜூன் 9, திங்கள்

குழந்தை டாக்டர் கொடுத்த தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டே கட்டம். முதல் கட்டத்தின் தலைப்பு ‘குழந்தை சொல்லும் சொல்’. இரண்டாவது ‘எதைக் குறிக்கச் சொல்கிறது’. கீழே பொடி எழுத்தில், பொருள் தெரிந்து சொல்லும் சொற்களை மட்டும் எழுதவும். இருபத்து நான்காம் தேதி சேலத்தில் பேச்சுப் பயிற்சி தருபவரைப் பார்க்கப் போகும்போது இதை நிரப்பிக் கொண்டுபோக வேண்டும்.

அமுதவல்லிக்கு இரண்டு வயது ஐந்து மாதம். ஐம்பது சொல்லாவது வந்திருக்க வேண்டுமாம். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். “காது டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்குதுங்க. பயப்பட ஒண்ணுமில்ல. எதுக்கும் ஒருக்கா காட்டிருங்க” என்றார் டாக்டர். நாமக்கல் கடைவீதியிலிருந்து வீடு வரைக்கும் ஸ்கூட்டரில் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்றால் எதற்குக் காட்ட வேண்டும்?

பள்ளியில் வேலை பார்த்தபோது வாங்கிய பாடக்குறிப்பு நோட்டில் பாதி அப்படியே கிடந்தது. அதில்தான் இதை எழுதுகிறேன். அவள் மதியம் தூங்கும் நேரம்தான் எனக்குக் கிடைப்பது. தப்பினால் அவள் ராத்திரி தூங்கின பிறகு. அதனால் சில நாள் முந்தின நாளையதை மறுநாள் எழுதுகிற மாதிரிதான் ஆகும் போலிருக்கிறது.

இன்னும் அம்மா என்று சொல்லவில்லை. சொல்லாததை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.


ஜூன் 10, செவ்வாய்

ஒரே ஒரு சொல் இருக்கிறது. சாமி.

காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வந்து நைட்டியைப் பிடித்து இழுத்தாள். “சாமி.” எட்டு மாதமாக இதுதான். வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, கையைக் கழுவி, அவளைத் தூக்கிக்கொண்டு போய் சாமி அலமாரிக்கு முன்னால் நிறுத்தினேன். ஆஞ்சநேயர், முருகன், எங்கள் ஆத்தூர் வீட்டு அம்மன். “சாமி கும்புடு” என்று கையைக் குவித்து விட்டேன். உடம்பை வளைத்துக்கொண்டு அழுதாள். எப்போதும் இப்படித்தான். அவளே கேட்கிறாள், காட்டினால் அழுகிறாள்.

தாளில் ‘சாமி — கடவுள்’ என்று எழுதினேன். பிறகு அழித்தேன். பொருள் தெரிந்திருந்தால் ஏன் அழ வேண்டும்? தெரியாமல்தானே ஏதோ சத்தம் போடுகிறாள்?

மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். அந்த இடம் இப்போது ஓட்டை விழுகிற மாதிரி இருக்கிறது.


ஜூன் 11

இன்றும் காலி.


ஜூன் 12, வியாழன்

பக்கத்துப் போர்ஷன் சௌந்திரம் அக்கா வந்திருந்தார். முட்டை குடோனில் தட்டு அடுக்குகிற வேலை அவருக்கு. கீறல் விழுந்த முட்டையைக் குறைந்த விலைக்கு எடுத்துவந்தால் எனக்கும் நாலு வைப்பார். நான் பிரிட்ஜ் முன்னால் நிற்பதைப் பார்த்தார்.

“ஏனுங் டீச்சரு, தாளையே பாத்துட்டு நின்னா எழுத்து மொளைச்சுருமா?”

முட்டைத் தட்டைப் பார்த்ததும் அமுதவல்லி “ட்டா, ட்டா” என்றாள்.

“பாருங்க, முட்டைங்கறா.”

“மொதல் எழுத்தே வரலியேக்கா.”

“கொழந்த பேசறதையும் பரிச்சப் பேப்பராட்டம் திருத்துவீங்களா? அரை மார்க்காச்சும் போடுங்க, போனாப் போச்சாது.”

சிரித்தேன். ஆனால் எழுதவில்லை. ‘ட்டா’ என்று எப்படி எழுதுவது? பொய்யாக நிரப்பிக் கொண்டுபோய் அங்கே மாட்டிக்கொண்டால்?

போகும்போது அக்கா சொன்னார். “எத்தன புள்ளைக்கு மொதல்ல சாமி வாயில வரும்? இவளுக்கு வந்திருக்குது. ஆஞ்சநேயருக்கு வடமால வேண்டிக்குங்க, பேசிருவா.”

ஒரு நாளைக்கு ஆறு பீரியட், ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள் என்று தொண்டை கட்டும்வரை கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். பெற்ற ஒரே பிள்ளையிடம் என்ன பேசுகிறேன்? போனில் ஒரு கட்டுரை படித்தேன். குழந்தையோடு பேசிக்கொண்டே இருங்கள், கதை சொல்லுங்கள், பாடுங்கள். நான் சமைக்கிறேன், துவைக்கிறேன், துடைக்கிறேன். வாயே திறப்பதில்லை. குறை அவளிடம் இல்லை என்றால் வேறு யாரிடம்?


ஜூன் 15, ஞாயிறு

நேற்று கோயிலில் நடந்தது.

அவர் — பிரபாகர் — லாரி பாடி கட்டும் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். சனிக்கிழமை, நல்ல கூட்டம். வடைமாலை சாத்தி முடிந்து திரை விலகியதும் அவர் அவளைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினார். “சாமி பாரு! சாமி பாரு!” வானத்தைத் தொடுகிற மாதிரி அவ்வளவு பெரிய ஆஞ்சநேயர். அவள் அதைப் பார்க்கவே இல்லை. திரும்பி, கூட்டத்தில் பின்னால் தள்ளப்பட்டு நின்ற என் பக்கமாக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கத்தினாள். “சாமி! சாமி! சாமி!”

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “பாருங்க, கொழந்த எப்படி சாமியக் கூப்புடுதுன்னு.” அவர் பெருமையாக இன்னும் உயரத் தூக்கினார். அவள் இன்னும் கத்தினாள். மூச்சு நின்றுவிடுமோ என்று இடித்துத் தள்ளிக்கொண்டு போய் வாங்கினேன். என் கைக்கு வந்ததும் அழுகை நின்றது. கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு “சாமி” என்று மெதுவாக ஒரு தரம்.

ஏதோ ஒரு அருள் என்றுகூட நினைத்தேன். ஆனால் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏன் கூப்பிட்டாள்? தெரியவில்லை. யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான்.


ஜூன் 17, செவ்வாய்

சண்டை. அவரோடுதான். எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் —

“எங்கண்ணன் நாலு வயசுலதான் பேசுனானாமா. இப்ப நிறுத்தச் சொன்னா நிறுத்தறானா?” என்றார். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். “நீ ஆத்தூர் பேச்சுப் பேசற, நாங்க நாமக்கல் பேச்சுப் பேசறோம். பாவம் புள்ள, எதப் புடிக்கறதுன்னு முழிக்குது.”

விளையாட்டுக்குத்தான் சொன்னார். தெரியும். ஆனா எனக்கு எப்படி இருக்கும்? நான்தானே நாள் பூரா அவளோட கெடக்கறேன். அப்ப என் பேச்சாலதான் அவளுக்குப் பேச்சு வரலையா? நான் பேசினாலும் தப்பு, பேசலைன்னாலும் தப்பா?

இன்றிலிருந்து சுத்தமாக, ஒரே மாதிரி பேசுவது என்று முடிவு செய்தேன். சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பும்போது எங்கள் கதவைப் பார்த்ததும் “ஊ, ஊ” என்றாள். தினமும் சொல்வதுதான். நான் அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்து, அவள் முகத்தைத் திருப்பி, “வீடு. வீ… வீ சொல்லு” என்றேன். என் வாயையே பார்த்தாள். “வீ…”

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ராத்திரி சாப்பிடும் வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. ‘ட்டா’ இல்லை. ‘ஊ’ இல்லை. சாமி கூட இல்லை.


ஜூன் 18

வீ வேண்டாம். சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். தாயே, ஏதாவது சத்தம் போடு.


ஜூன் 19, வியாழன்

காலையில் ‘சாமி’ திரும்பி வந்துவிட்டது. பிறகு சேலத்திலிருந்து போன். பயிற்சி தரும் பெண், பெயர் சத்யபிரியா, சின்ன வயதுக் குரல். வருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு மணி நேரம் பேச்சைப் பதிவு பண்ணி அனுப்ப வேண்டுமாம். “போனை எங்கயாவது வச்சுட்டு மறந்துடுங்க. விசேஷமா எதுவும் செய்ய வேண்டாம். எப்பவும் போல இருங்க, போதும்.”

எப்பவும் போல என்றால் எப்படி? எழுதுகிற எனக்கே தெரியவில்லை. துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் போனை வைத்தேன். குக்கர் வைத்தேன். துணி காயப் போட்டேன். பத்து நிமிடத்தில் போனை நிஜமாகவே மறந்துவிட்டேன்.


ஜூன் 20, வெள்ளி

அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்றுதான் போட்டேன். மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம்.

குக்கர் விசில். பட்டறையில் புது லாரிக்கு ஹார்ன் அடித்துப் பார்க்கிற சத்தம். தெருவில் பழைய இரும்பு, பழைய பேப்பர் வண்டி. இதற்கெல்லாம் நடுவே ஒரு பொம்பளை ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள். “இந்தா சாமி, இதப் புடி… அதத் தொடாத சாமி, சுட்டுரும்… இந்த மூடி எங்க போச்சு, நீ பாத்தியா சாமி?… அடடா, மழ வருமாட்டக்குது, துணிய எடுக்கோணும், வா சாமி போலாம்…”

சௌந்திரம் அக்கா எப்போது வந்தார் என்று யோசித்தேன். அவர் நேற்று குடோனில் இருந்தார்.

அது நான்.

ஆத்தூர்க்காரி நான். எங்கள் வீட்டில் சாமி என்றால் சாமி மட்டும்தான். கல்யாணமாகி வந்த புதிதில், இங்கே பிறந்த குழந்தையிலிருந்து பல் போன கிழவர் வரைக்கும் எல்லாரையும் சாமி என்கிறார்களே என்று அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எப்போதிலிருந்து நான் இப்படிப் பேசுகிறேன்? வாயே திறப்பதில்லை என்று போன வாரம் இதே நோட்டில்தானே எழுதினேன்?

கணக்கு டீச்சர் புத்தி. மறுபடி போட்டு எண்ணினேன். நான் அவளை ‘சாமி’ என்றது நாற்பத்து மூன்று. ‘அமுதவல்லி’ — பூஜ்யம். இந்தப் பெயருக்கு மூன்று மாதம் சண்டை போட்டோம்.

அவள் ‘சாமி’ என்றது பதினொன்று.

அந்தப் பதினொன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் துணிக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன் — “சாமி!” குக்கர் விசில் அடிக்கிறது, பயம் — “சாமி!” தொலைந்த மூடியைக் கண்டுபிடித்துவிட்டாள் — “ந்தா, சாமி.”

இந்தா சாமி. இரண்டு சொல். சேர்த்து.

ஆஞ்சநேயரிடம் மூடியை எதற்குக் கொடுக்கப் போகிறாள்?

என்னை. என்னைத்தான். நான் அவளை எப்படிக் கூப்பிடுகிறேனோ அப்படியே என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பிரியமானவர்கள் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அவள் கூப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் என் செருப்புச் சத்தம் வருகிறது. என் குரல் வருகிறது. “சாமி கும்புடறியா? வா வா.” பிறகு அழுகை. எட்டு மாதம். பிள்ளை பெத்தவளைக் கூப்புடுது, அவ தூக்கிட்டுப் போயி போட்டோ முன்னால நிறுத்தறா. அழாம என்ன பண்ணும்?

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. தூங்கி எழுந்து வந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே, “சாமி.”

நான் எழுந்திருக்கவில்லை. அலமாரிப் பக்கம் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே, “ஏன் சாமி?” என்றேன்.

அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு வந்து என் உள்ளங்கையில் ஒரு துணிக் கிளிப்பை வைத்தாள். வைத்துவிட்டுப் போய் விளையாட உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றினவர் பாதிக் கையோடு நின்றுவிட்டார். “அப்ப அன்னைக்குக் கோயில்ல…”

“என்னையத்தான்.”

“நான் வேற தூக்கித் தூக்கிக் காட்டுனேனே! ஆஞ்சநேயரு என்ன நெனச்சிருப்பாரு?” என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “என்னைய என்னன்னு கூப்புடறா?” என்று கேட்டார். இருவரும் யோசித்தோம். இருந்தால் அவர் பட்டறையிலிருந்து வண்டியில் வரும்போது அவள் சொல்கிற ‘பாம் பாம்’தான். அது வண்டிக்கா, அவருக்கா? தெரியாது. நாளைக்குக் கவனிக்க வேண்டும் என்றார். முகத்தில் எனக்கு இருந்த அதே பயம்.


ஜூன் 23, திங்கள்

தாளில் பதினாறு வரி. ஊ — வீடு (இவர்கள் பேச்சில் ஊடு). ட்டா — முட்டை. சௌந்திரம் அக்கா வந்து எட்டிப் பார்த்தார். “அரை மார்க்குப் போட்டுட்டீங்களா?”

“முழு மார்க்கே போட்டுட்டேங்க்கா.”

“அப்பறம் வடமாலைக்கு வேண்டிக்கச் சொன்னது ஆரு?”

வடைமாலையா, போன் பதிவா என்று நானும் விட்டுக் கொடுக்கவில்லை, அவரும் விட்டுக் கொடுக்கவில்லை.


ஜூன் 24, செவ்வாய்

சேலம் போய் வந்தோம். சத்யபிரியா தரையில் உட்கார்ந்து அவளோடு ஒரு மணி நேரம் விளையாடினாள். பேச்சு கொஞ்சம் தாமதம்தான், அதில் சந்தேகமில்லை என்றாள். மாதம் இரண்டு தடவை வர வேண்டும். ஆகவே நான் பயந்தது முழுக்கப் பொய் இல்லை. பயப்பட்ட அளவுக்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்றுதான் புரியவில்லை.

தாளைப் படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றாள். முதல் கட்டம்: சாமி. இரண்டாவது கட்டம்: நான்.

“அம்மான்னு மாத்திச் சொல்லித் தரணுங்களா?” என்று கேட்டேன்.

“ஏங்க, இது வேலை செய்யுதுதானே?” என்றாள்.

பஸ்ஸில் ராசிபுரம் தாண்டும் வரைக்கும் அவள் என் மடியில் நின்றுகொண்டு ஜன்னலில் தெரிந்ததையெல்லாம் காட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றுக்கும் சாமி, சாமி. ஒவ்வொன்றுக்கும் ஏன் சாமி, ஏன் சாமி. முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.


செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதி எத்தனை நாளாயிற்று. மதியம் அவள் தூங்குவதில்லை, அதனால்.

காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ “அம்மா” என்றார்கள். பக்கத்துப் போர்ஷனில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து உரித்துக்கொண்டே இருந்தேன்.

மறுபடி, “அம்மா.”

கண்ணெல்லாம் வெங்காயம். துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தேன்.

“ஏ சாமீ!”

திரும்பினேன்.