வலப்பக்கக் கீழ்ப்பல்

மார்ச் 4

நாளை இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டியவை:

1. வண்டி நிறுத்தும் தகராறில் தம்பி எங்கள் தெரு மெக்கானிக்கைக் கையால்தான் அடித்தான். ஆயுதம் இல்லை.
2. ஒரே அடி. மாடியிலிருந்து பார்த்தேன்.
3. விழுந்த பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் முன்பு என் கிளினிக்கில் பார்த்து, பிடுங்கிவிடலாம் என்று அவர் சிகிச்சைக் கார்டில் எழுதியிருக்கிறேன்.

தம்பியின் வக்கீல் மூன்றாவதைத்தான் பிடித்துக்கொண்டார். முகம் வீங்கினால் சாதாரணக் காயம். எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ கொடுங்காயம்; வருடக்கணக்கில் சிறை. ஏற்கெனவே விழ இருந்த பல் என்றால் அதிலிருந்து தப்பலாமாம். நாற்பது வருடம் பல் பிடுங்கியவன் நான். ஒரு பல்லுக்குச் சட்டத்தில் இவ்வளவு கனமா?

மார்ச் 5

சொன்னேன். கார்டையும் கொடுத்தேன். மெக்கானிக் தன்னைத்தானே போனில் எடுத்த படத்தை இன்ஸ்பெக்டர் காட்டினார். வலப்பக்கக் கீழ்வரிசையில் ஓட்டை. கார்டிலும் வலப்பக்கம். இரண்டும் பொருந்தின. உண்மையைத்தானே சொன்னேன்?

மார்ச் 6

சாதாரணக் காயம் என்றே பதிவு. தம்பி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான்.

மார்ச் 9

மருந்துக் கடையில் மெக்கானிக். நழுவப் பார்த்தேன். விடவில்லை.

"டாக்டர் சார், நீங்க பிடுங்கச் சொன்ன பல்லு இன்னும் ஆடிக்கிட்டேதான் இருக்கு. அதை விட்டுட்டு நல்ல பல்லாப் பாத்து உடைச்சிருக்காரு உங்க தம்பி!"

வாயைத் திறந்து காட்டினார். ஓட்டை இடப்பக்கம். வலப்பக்கப் பல் அங்கேயே இருக்கிறது.

அவர் போனதும், போன் படத்தில் பக்கம் மாறுமா என்று கடைப் பெண்ணிடம் கேட்டேன். "நம்மள நாமே எடுத்தா சில போன்ல கண்ணாடி மாதிரி இடம் வலமா மாறித்தான் விழும் தாத்தா."

அந்தச் சின்னப் பெண்ணுக்கும் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 10

தம்பியிடம் சொன்னேன்.

"யாருண்ணே உங்களைக் கேட்டா? ஊரார் வாயெல்லாம் திறந்தது போதும். இப்ப உங்க வாயக் கொஞ்சம் மூடிக்கிட்டு இருங்க." பிறகு, தாழ்ந்த குரலில்: "எனக்கு ரெண்டு பொண்ணுங்கண்ணே."

இன்ஸ்பெக்டர் பல்லை எண்ணிப் பார்க்கவா போகிறார்? டாக்டர் சொன்னால் சொன்னதுதான் — சே, என்ன புத்தி இது?

மார்ச் 12

ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பினேன். இரண்டு தடவை.

மார்ச் 13

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றும் இரண்டும் அப்படியே. இன்ஸ்பெக்டர் படித்தார். பிரிவு எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் கொடுங்காயத்துக்கான எண்ணை எழுதினார்.

காலையிலிருந்து தம்பி போனை எடுக்கவில்லை.

மூன்றாவது தவறு. விழுந்தது நல்ல பல்.