வசந்தாமணி அக்காவும் கொச்சிக்கு வருகிறாள்

அம்மா,

நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்காகப் பெரிதாக எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கும் படித்துச் சொல்லிவிடுங்கள்.

சுதந்திர தின லீவுக்கு ஃபர்சானாவோடும் நிர்மலாவோடும் நான் கொச்சிக்குப் போவது உங்களுக்குத் தெரியும். அக்காவையும் கூட்டிப் போகிறேன், அதுதான் தெரியாது. ஃபர்சானாவின் பெரியம்மா வீட்டில் தங்குவோம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் திரும்ப அழைத்துப் போக அவள் புருஷன் வீட்டார் வருவார்கள். வாங்க என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவளோடு கொடுத்துவிட நீங்கள் சுட்ட கச்சாயத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ரயிலில் தின்றுகொள்வோம்.

"அடுப்புல பட்டுருச்சுன்னு அவளே சொல்றா, நீ ஏங்கண்ணு கெளர்றே?" என்று நேற்றுக் கேட்டீர்கள். அடுப்பைப் பார்த்து நின்று சமைக்கிறவளுக்கு முதுகில் எப்படியம்மா சுடும்? இதைக் கேட்க பி.எஸ்சி. படித்திருக்க வேண்டியதில்லை. நீங்களும் இத்தனை வருஷமாகச் சமைக்கிறீர்கள்.

ரசம் வைத்திருக்கிறேன். சோறு மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையைக் கோபத்தில் விட்டுவிடாதீர்கள்.

ஞாயிறு இரவு மளிகைக் கடைக்குப் போன் செய்கிறேன். அப்பா வந்து பேசட்டும். "அவளை அங்க அனுப்ப மாட்டேன்" என்று அவர் வாயால் சொன்னால் அக்கா என்னோடு வருவாள். இல்லாவிட்டால் நான் மட்டும் வருவேன்.

கோகிலா

அக்கா இதுவரை கடலைப் பார்த்ததில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் முதுகு எரியுமா என்று பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.