குழாய்க்கு அடியில்

ஓகஸ்ட் 9, புதன் இரவு.

தம்பி அந்தோனி உயிரோடு இருக்கிறான். மாதாவே, தோத்திரம்.

தலைமன்னாரில் ரயிலுக்குத் தண்ணீர் எடுக்கத் துரைமார் நிலத்தைத் துளைக்கிறார்கள். இரும்புக் குழாயைச் சங்கிலியில் தூக்கும்போது அடியில் நிற்காதே என்று அங்கே வேலைக்குப் போகும் தம்பிக்குத் தினமும் சொல்வேன். என் வீட்டுக்காரர் போன வருடம் அப்படித்தான் செத்தார். தம்பி கேட்பதில்லை.

இன்று மத்தியானம் அவனுக்குச் சோறு கொண்டு போனேன். குழாய் மேலே தொங்குகிறது. தம்பியும் மற்றவர்களும் அடியில் நிற்கிறார்கள். கங்காணி என் வெள்ளைச் சீலையைக் கண்டுவிட்டார்.

"கைம்பெண் எதிரில வாறாள், சகுனம் சரியில்லை. இஞ்சால வந்து கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோடா!"

எனக்கு அழுகை வந்தது. திரும்பிவிட நினைத்தேன். அவர்கள் விலகி வந்து உட்காரவும் சங்கிலி அறுந்தது. குழாய் வெறும் மண்ணில் விழுந்தது.

பிறகு தம்பி சொன்னான்:

"கங்காணியார், அக்காவையும் வேலைக்குச் சேருங்கோ."

கங்காணியே சிரித்துவிட்டார். "தங்கச்சி, நாளைக்கும் வாங்கோ."

"நான் வராட்டியும் அடியில நிக்காதேங்கோ" என்றேன். எல்லாரும் ஓம் என்று தலையாட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். அன்றைக்கும் என்னைப்போல ஒருத்தி எதிரே வந்திருந்தால்... வேண்டாம்.

தம்பி உள்ளே குறட்டை விடுகிறான். எவ்வளவு நல்ல சத்தம்.